எண்பது சதவீத அடைப்பு என்கிறார்கள்: ஸ்டென்ட் இன்றே வைத்தாக வேண்டுமா?

அப்பாவுக்கு 61 வயது, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், நான்கு மாதங்களாக மாடிப்படி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் நெஞ்சில் ஓர் அழுத்தம், நின்றால் இரண்டு மூன்று நிமிடங்களில் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஈசிஜியும் எக்கோவும் நார்மல். டிரெட்மில் பரிசோதனை பாசிட்டிவ். ஆஞ்சியோகிராமில் இதயத்தின் வலது ரத்தக் குழாயின் நடுப்பகுதியில் 80 சதவீத அடைப்பு, மற்ற குழாய்களில் பெரிதாக ஒன்றுமில்லை. உடனே ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் சிறு உலோக வலைக்குழாய்) வைக்காவிட்டால் எந்த நேரமும் மாரடைப்பு வரலாம் என்று சொன்னார்கள். நீங்கள் இரண்டு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டீர்கள். "ஈசிஜியும் எக்கோவும் நன்றாக இருக்கும்போது அடைப்பு எப்படி வந்தது? ஆஞ்சியோவுக்குப் பதிலாக சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கலாமா? ஸ்டென்ட் தேவைதானா?" என்பவை உங்கள் கேள்விகள். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பது தெரிகிறது: கையெழுத்துப் போடாமல் அழைத்து வந்து அப்பாவின் உயிரோடு விளையாடிவிட்டோமோ?

அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் விவரித்திருப்பது நிலையான நெஞ்சுவலி. உழைத்தால் வருகிறது, ஓய்ந்தால் போகிறது, நான்கு மாதங்களாக ஒரே அளவில் இருக்கிறது. இந்த நிலையில் இரண்டு நாள் யோசிப்பதால் எதுவும் கெட்டுவிடாது. மாத்திரைகளைத் தொடங்கியிருந்தால் சில வாரங்கள் எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கவும் நேரம் இருக்கிறது. வலியின் குணம் மாறினால் மட்டும் கதை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் இருதய மருத்துவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆஞ்சியோ எடுத்தும் ஸ்டென்ட் வைத்தும் வருகிறேன். உங்கள் அப்பாவின் படத்தை நான் பார்க்கவில்லை, அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. ஆகவே அவருக்கு இதைத்தான் செய்ய வேண்டும் என்று இங்கிருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. எதை எதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

ஈசிஜி இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறது. எக்கோ, தசை எப்படிச் சுருங்கி விரிகிறது என்று காட்டுகிறது. இரண்டுமே ரத்தக் குழாயின் உட்புறத்தைப் பார்ப்பதில்லை. வாய்க்காலின் மதகைப் பாதி இறக்கி வைத்தாலும் ஒரு வயலுக்குத் தண்ணீர் போதும். எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் பாய்ச்சும் நாளில்தான் போதாமை தெரியும். இதயமும் அப்படித்தான். குழாயின் விட்டம் ஏறத்தாழ 85 சதவீதம் சுருங்கும்வரை ஓய்வில் இருப்பவரின் ரத்த ஓட்டம் குறைவதில்லை. ஆனால் 50 சதவீதத்தைத் தாண்டியதுமே, உழைக்கும்போது கிடைக்க வேண்டிய உச்ச ஓட்டம் குறையத் தொடங்கிவிடுகிறது. படுக்கவைத்து எடுத்த ஈசிஜி நார்மலாக இருப்பதில் வியப்பில்லை. நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓய்வு ஈசிஜி நார்மலாகவே இருக்கும்.

டிரெட்மில் அந்த உழைப்பைச் செயற்கையாக உண்டாக்குகிறது. வழக்கமான முறையில் முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். பிறகு ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் வேகமும் ஏற்றமும் கூடும். "பாசிட்டிவ்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து நான் முடிவெடுப்பதில்லை. எத்தனையாவது நிமிடத்தில் ஈசிஜி மாறியது, அப்போது அவருக்கு வலி வந்ததா, ரத்த அழுத்தம் ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பேன். முதல் மூன்று நிமிடத்திலேயே கோடுகள் கீழிறங்கி ரத்த அழுத்தமும் விழுந்தால் அது பெரிய எச்சரிக்கை. ஒன்பது நிமிடம் தாண்டி நடந்தவருடைய எதிர்காலம், அதே "பாசிட்டிவ்" என்ற சொல்லின்கீழ் இருந்தாலும், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்த அறிக்கை உங்கள் கையில் இருக்கும். எடுத்து நிமிடக் கணக்கைப் பாருங்கள்.

இப்போது அந்த 80 சதவீதத்துக்கு வருகிறேன். குடும்பங்களைத் தூங்கவிடாமல் செய்யும் எண் இது. இது எப்படி வருகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை உள்ளே அனுப்பி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியிலிருந்து இதயக் குழாய்கள் பிரியும் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். சாயத்தைச் செலுத்தியதும், சாம்பல் நிறத் திரையில் கறுப்பாகக் கிளைகள் விரியும், இலை உதிர்த்த முருங்கை மரம்போல. நாலைந்து துடிப்புக்குள் சாயம் கழுவிக்கொண்டு போய்விடும். அந்தப் படத்தை நிறுத்தி, ஒடுங்கிய இடத்தையும் பக்கத்தில் நல்ல இடத்தையும் கண்ணால் ஒப்பிட்டு, "எண்பது" என்கிறோம். பெரும்பாலான இடங்களில் அது கண் மதிப்புதான். ஒரே படத்தை ஒருவர் 70 என்பார், இன்னொருவர் 85 என்பார், இருவருமே நேர்மையான மருத்துவர்களாக இருப்பார்கள். நாம் பார்ப்பது குழாயின் நிழலை. குழாயின் சுவரில் என்ன படிந்திருக்கிறது என்பது அந்த நிழலில் தெரியாது.

இந்த முறையே தற்செயலாகக் கிடைத்த ஒன்று. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் மகாதமனிக்குள் சாயம் செலுத்த முனைந்தபோது, குழாயின் முனை நழுவி வலது இதயக் குழாய்க்குள் போய்விட்டது. உங்கள் அப்பாவுக்கு அடைப்பு இருக்கும் அதே குழாய். நோயாளியின் இதயம் சில விநாடிகள் நின்றது, இருமச் சொன்னார், மீண்டும் துடித்தது. இதயக் குழாய்க்குள் நேரடியாகச் சாயம் செலுத்தினால் மனிதன் தாங்குவான் என்று உலகத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

நிழலை மட்டும் நம்பாமல், அடைப்பு உண்மையிலேயே ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று அளக்க வழி இருக்கிறது. தலைமுடி போன்ற மெல்லிய கம்பியின் நுனியில் அழுத்தம் அளக்கும் கருவி உண்டு. அதை அடைப்பைத் தாண்டி நிறுத்தி, மருந்தால் ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் விகிதத்தைப் பார்க்கிறோம். எஃப்.எஃப்.ஆர். என்று பெயர். 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது. மேலே இருந்தால் ஸ்டென்ட்டை ஒத்திவைக்கலாம். 1,005 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஃபேம் ஆய்வில், கண்ணுக்கு 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில் 35 சதவீதமே உண்மையில் ஓட்டத்தைத் தடுத்தன. 71 முதல் 90 சதவீதம் என்று தெரிந்தவற்றில் 80 சதவீதம் தடுத்தன. அதாவது அப்பாவுக்குச் சொன்னது போன்ற ஐந்து அடைப்புகளில் ஒன்று, படத்தில் மோசமாகத் தெரிந்தாலும் ஓட்டத்தைத் தடுக்காதது. ஒரு பஸ் ஓட்டுநர் நினைவுக்கு வருகிறார். 75 சதவீதம் என்று எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். வேலை போய்விடும் என்று மேசையில் படுத்தபடியே அழுதார். கம்பியை அனுப்பி அளந்தால் 0.87. ஸ்டென்ட் வைக்காமல் அனுப்பினேன். அவருடைய நெஞ்செரிச்சல் இரைப்பையிலிருந்து வந்தது.

உங்கள் அப்பாவின் நிலை அந்த ஓட்டுநருடையது போன்றதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. படி ஏறினால் வந்து நின்றால் போகும் அழுத்தம், சர்க்கரை நோய், டிரெட்மில் முடிவு, படம் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. அடைப்பு உண்மையானதாகத்தான் இருக்கும். ஆனால் "அடைப்பு உண்மை" என்பதும் "ஸ்டென்ட் வைத்தால் உயிர் பிழைப்பார்" என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள். நம் ஊரில் இவை ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

இதில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2007இல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேர். 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் இந்தியா உட்பட 37 நாடுகளைச் சேர்ந்த 5,179 பேர். நிலையான நோய் உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நல்ல மருந்துகள் மட்டும், இன்னொரு குழுவுக்கு மருந்துகளோடு ஸ்டென்ட் அல்லது, இரண்டாம் ஆய்வில், தேவைப்பட்டால் பைபாஸ். இரண்டு ஆய்விலும் மரணம் குறையவில்லை. மாரடைப்பின் மொத்த எண்ணிக்கையிலும் தெளிவான வேறுபாடு இல்லை. குறைந்தது நெஞ்சுவலி; அடிக்கடி வலி வந்தவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மாரடைப்பு, குழாய் மெல்ல மெல்ல ஒடுங்கி முழுதாக மூடுவதால் வருவது குறைவு. சுவரில் படிந்த கொழுப்பின் மேல்தோல் திடீரென்று கிழிந்து, அங்கே ரத்தம் உறைவதால் வருவதே அதிகம். கிழியும் இடம் எப்போதும் மிகவும் ஒடுங்கிய இடமாக இருப்பதில்லை. ஸ்டென்ட் ஓர் இடத்தைச் சரிசெய்கிறது. மாத்திரை இதயத்தின் மூன்று குழாய்களின் முழு நீளத்துக்கும் வேலை செய்கிறது.

இன்னும் முடிவாகாத விஷயங்களும் உண்டு. இஸ்கீமியா ஆய்வில் சேர்ந்தவர்களை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, ஸ்டென்ட் அல்லது பைபாஸ் குழுவில் இதய நோயால் இறந்தவர்கள் சற்றுக் குறைவாகவும், வேறு காரணங்களால் இறந்தவர்கள் சற்று அதிகமாகவும் இருந்தார்கள். மொத்த மரணம் ஒன்றேதான். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வலி குறைவதில்கூட விவாதம் நடந்தது. லண்டனிலிருந்து 2017இல் வெளியான ஆர்பிட்டா ஆய்வில் 200 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மறு பாதிக்கு வைத்ததுபோல் மட்டும் செய்தார்கள். எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. நல்ல மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர்களில் நடை திறனில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. அதே குழு 2023இல் 301 பேரிடம், நெஞ்சுவலிக்கான இதய மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மீண்டும் செய்தபோது ஸ்டென்ட் வலியைத் தெளிவாகக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தபின் நான் நோயாளிகளிடம் சொல்வது இது: வலிக்கு மாத்திரையும் ஒரு வழி, ஸ்டென்ட்டும் ஒரு வழி, எதை முதலில் எடுப்பது என்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இந்தப் பேச்சு பொருந்தாத சிலர் இருக்கிறார்கள். இடது பிரதானக் குழாயில் கணிசமான அடைப்பு இருப்பவர், இதயத்தின் பம்ப் திறன் மிகவும் குறைந்தவர், மருந்துக்குப் பிறகும் தாங்க முடியாத வலி உள்ளவர், அண்மையில் மாரடைப்பு வந்தவர் ஆகியோரை இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கவே இல்லை. சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு இருந்தால் ஸ்டென்ட்டைவிட பைபாஸ் அறுவையே மேல் என்று 1,900 பேரைக் கொண்ட ஃப்ரீடம் ஆய்வு 2012இல் காட்டியது. உங்கள் அப்பாவுக்கு ஒரே குழாய், எக்கோ நார்மல் என்பதால்தான் நான் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறேன்.

சி.டி. ஆஞ்சியோ முதலில் எடுத்திருக்கலாமா என்றால், எடுத்திருக்கலாம். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஆய்வில், சி.டி. சேர்த்து எடுத்த குழுவில் ஐந்து ஆண்டுகளில் இதய நோய் மரணமும் மாரடைப்பும் சேர்ந்து 2.3 சதவீதம், வழக்கமான பரிசோதனைகள் மட்டும் செய்த குழுவில் 3.9 சதவீதம். சி.டி. எந்திரம் யாரையும் குணப்படுத்துவதில்லை. படிவு கண்ணுக்குத் தெரிந்ததால் சரியான ஆட்களுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது. ஆனால் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளின் குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது சி.டி. படத்தில் பூத்துப் பெருகி, அடைப்பை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். இப்போது ஆஞ்சியோவே எடுத்துவிட்ட நிலையில் சி.டி. தேவையில்லை.

ஸ்டென்ட்டைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதற்கு ஈடான சிகிச்சை இல்லை. நான் அவசரப் பிரிவில் இருந்த காலத்தில், பூக்கட்டும் வேலை செய்யும் 49 வயதுப் பெண் அதிகாலை மூன்று மணிக்கு வந்தார். நடுநெஞ்சில் கரிப்பு, வியர்வை, வாயுப் பிடிப்பு என்றார். ஈசிஜி நார்மல். இரைப்பைக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு மாரடைப்போடு திரும்பி வந்தார். பிழைத்தார், ஆனால் இதயத்தின் பம்ப் திறன் 35 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு அவர் பிறகு போகவில்லை. அன்று செய்யத் தவறியது ஒன்றுதான்: ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுத்து, இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்திருக்க வேண்டும். வலி தொடரும்போது ஒரு நார்மல் ஈசிஜியை நம்பி யாரையும் இப்போது நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு மூச்சுத் திணறலாகவோ வாயுத் தொல்லையாகவோ வேடமிட்டு வருவது சாதாரணம்.

அந்த நேரத்தில் ரத்தக் குழாயைத் திறப்பதற்கான காலக்கெடு நிமிடங்களில் கணக்கிடப்படுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள், குழாயைப் பலூனால் திறந்து ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை கிடைக்கும் மருத்துவமனையை அடைய முடியாதென்றால், அருகிலுள்ள மருத்துவமனையிலேயே ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மையங்களையும் ஆம்புலன்ஸால் இணைத்துச் செய்துபார்த்து, 2,420 நோயாளிகளின் விவரம் 2017இல் வெளியானது. இணைப்பு வருவதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், வந்தபின் 14.2 சதவீதம். புதிய எந்திரம் எதுவும் வாங்காமல், இருந்ததை ஒழுங்குபடுத்தியதால் பிழைத்த உயிர்கள் இவை. இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் முதல்வேளை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

ஸ்டென்ட் வைப்பதென்று முடிவெடுத்தால் ஒன்றை மனத்தில் வையுங்கள். ரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மாத்திரைகளை, நிலையான நோயில் வழக்கமாக ஆறு மாதம், ஒருநாளும் விடாமல் சாப்பிட வேண்டும். பிறகு ஒன்றைத் தொடர வேண்டும். பல் பிடுங்க வேண்டும் என்று பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னால், நிறுத்தும் முன் ஸ்டென்ட் வைத்தவரிடம் கேளுங்கள். திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். அதில் உயிர் பிழைப்பது கடினம். செலவைப் பற்றித் தயங்கி எழுதியிருந்தீர்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. அதன்பின் அந்த வரம்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. பில்லில் ஸ்டென்ட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் காட்டுங்கள்.

என் சொந்த அப்பாவாக இருந்தால் என்ன செய்வேன் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் முழு அளவில், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றை மருத்துவர் மேற்பார்வையில் இன்றே தொடங்கியிருப்பேன். கெட்ட கொழுப்பு 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே வரும்வரை விடமாட்டேன். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்வேன். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, கோயிலுக்கு நடந்து போய்வர முடிகிறதா, மாடி ஏற முடிகிறதா என்று கேட்பேன். முடிந்தால் மாத்திரையோடு தொடர்வேன். வலி இன்னும் அவரை முடக்கினால், அழுத்தத்தை அளந்துவிட்டு ஸ்டென்ட் வைப்பேன், மன உறுத்தல் இல்லாமல். வேறொரு மருத்துவர் முதலிலேயே ஸ்டென்ட் வைப்போம் என்றாலும் அது தவறில்லை, வலிக்காக வைக்கிறோம் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வைத்தால்.

ஓய்வில் வலி வந்தாலோ, வழக்கத்தைவிடக் குறைந்த நடையிலேயே வந்தாலோ, பத்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, வியர்வையும் வாந்தியும் சேர்ந்தாலோ, மேலே எழுதிய அனைத்தையும் மறந்துவிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லையென்றால் 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் சொல்லி, 108ஐ அழையுங்கள். இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போகாதீர்கள்.

நாளை அந்த மருத்துவமனைக்குப் போய் ஆஞ்சியோ பதிவான குறுந்தகட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதையும் டிரெட்மில் தாளையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் எடுத்துக்கொண்டு இன்னொரு இருதய மருத்துவரிடம் அப்பாவோடு போய் உட்காருங்கள். "இந்த ஸ்டென்ட் உயிருக்காகவா, வலிக்காகவா?" என்று கேளுங்கள். டிரெட்மில் அறிக்கையில் நிமிடக் கணக்கு என்ன என்று எழுதினால், அது எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்கிறேன்.